நடு அடுக்குப் பூண்டுக்கு ஒரு கப்பல்

கொடைக்கானலில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். அறை வாடகை விஷயத்தில் என்னை ஏமாற்ற இனிமேல் ஒருவன் பிறந்துதான் வரவேண்டும் என்று நினைத்திருந்தேன். சீசனுக்கு ஒரு விலை, மழைக்கு ஒரு விலை, சனி ஞாயிறுக்கு ஒரு விலை என்று எல்லாவற்றையும் நானே வாயால் சொல்லிப் பழகியவன். பள்ளத்தாக்கு தெரியும் அறை என்று சொல்லிக் கூடுதலாக வாங்குவோம். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துக்கொள்ளும், பள்ளத்தாக்கும் தெரியாது, எதிர்க் கட்டடமும் தெரியாது. இவ்வளவும் தெரிந்த நான் ஒரு கப்பல் கட்டணத்தைத் தப்பாகப் படித்தேன். அதை வேறு யாராவது சொல்லிச் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஜெயித்தது நாங்கள் என்பதால் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

கப்பல் ஆசை என்னுடையது அல்ல, என் அக்காவுடையது. அக்கா மேல்மலையில் இருக்கிறாள். டவுனிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அத்தான் தவறிப் பத்து வருடம் ஆகிறது. ஒரே மகளைக் கன்னிவாடியில் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு பசுவோடும் மூன்று அடுக்கு நிலத்தோடும் தனியாக இருக்கிறாள். மூன்று அடுக்கிலும் மலைப்பூண்டுதான். நிலத்துக்கு மேலே ரோடு வளைகிற இடத்தில் காலையில் டூரிஸ்ட் கார்கள் வரிசையாக நிற்கும். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பிக் கிடக்கும். இறங்கிப் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: கடல் மாதிரி இருக்கு.

"நாப்பது வருசமா இதையே கேக்குறேன்டா," என்று அக்கா ஒருநாள் சொன்னாள். "கடல் இப்படித்தான் இருக்குமான்னு நான் ஒருதடவ பாத்துச் சொல்ல வேண்டாமா?"

"திருச்செந்தூர்ல பாத்தியேக்கா."

"அது கரை. கரையில நின்னா பாதிக் கடல்தான் தெரியும். சுத்திலும் தண்ணியா இருக்குற எடத்துல போய் நிக்கணும். கரையே தெரியக் கூடாது."

அதற்குக் கப்பலில்தான் போகவேண்டும் என்றேன். சரி, போவோம் என்றாள். ஆனால் நடு அடுக்கில் விளைகிற பூண்டு என்ன விலைக்குப் போகிறதோ, அந்தக் காசில்தான் அவள் வருவாள். மேல் அடுக்கு வீட்டுச் செலவுக்கு, கீழ் அடுக்கு விதைக்கும் உரத்துக்கும், நடு அடுக்கு கடலுக்கு. என் காசைக் கொடுத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அவள் வாங்கமாட்டாள். அப்பா இல்லாத வீட்டில் பூண்டு பிடுங்கி என்னைப் படிக்கவைத்தவள் அவள். கொடுத்தே பழகிய கைக்கு வாங்க வரவில்லை.

முதல் வருடம் மழையில் நடு அடுக்கு அழுகியது. அடுத்த வருடம் விலை படுத்துவிட்டது. அதற்கடுத்த வருடம் பசுவுக்கு நோய் வந்து காசெல்லாம் வைத்தியத்துக்குப் போனது. நான்காவது வருடம், ஆவணியில் பூண்டு பிடுங்கும்போது அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"ஏலே தம்பி, இந்த வருசம் நடந்தா நடக்கட்டும். இல்லேன்னா நடு அடுக்குல கேரட்டப் போட்டுட்டு கடல மறந்துருவேன். நீயும் அப்புறம் பேச்செடுக்கக் கூடாது."

சொன்னால் சொன்னதுதான், மாற்றமாட்டாள். பூண்டு விற்ற பிறகு அடுத்த நடவுக்கு முன்னால், புரட்டாசியில் இரண்டு வாரம் அவளுக்கு ஓய்வு. அதற்குள் அவள் காசுக்குள் ஒரு கப்பல் பிடித்தாக வேண்டும். எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது.

என் மனைவியின் தம்பி பழனி அடிவாரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான். ஆறுபடை வீடுகளுக்கு பஸ் விடுவதுதான் அவன் பிழைப்பு. சமீபத்தில் கடை வாசலில் கப்பல் படம் போட்ட பலகை ஒன்றும் மாட்டியிருந்தான். என் மனைவி உடனே அவனுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தாள். தலைக்கு இருபத்தொன்பதாயிரம் என்றான்.

"எல்லாம் சேத்துதான் மாமா. போக வர ஏசி டிரெயின், ஸ்டேஷன்லேருந்து கார், ஒரு தொப்பி, ஒரு பை," என்றான்.

தொப்பியைக் கேட்டதும் எனக்குக் கோபம் சுர்ரென்று வந்துவிட்டது. நானே கம்ப்யூட்டரில் தேடினேன். மூன்றாம் நாள் கண்ணில் பட்டது: சென்னையில் ஏறி, இரண்டு ராத்திரி கடலுக்குள் இருந்துவிட்டுச் சென்னையிலேயே இறங்குகிற கப்பல். ஜன்னல் இல்லாத உள்ளறை. பதினெட்டாயிரம். எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கு ஒன்பதாயிரம் என்று மனதுக்குள் வகுத்தேன். அன்றைக்கே அக்காவுக்குச் சொன்னேன். மச்சினனுக்கும் போன் போட்டு, "மாப்ள, ஒம்போதாயிரத்துல முடிச்சுட்டேன். தொப்பிய நீயே போட்டுக்க," என்றேன். ஸ்பீக்கரில்தான் பேசினேன். என் மனைவி காதில் விழட்டும் என்றுதான்.

அந்த வாரமே ஒரு சோலியாக மேலே வந்த மச்சினன், ஆயக்குடி கொய்யா ஒரு பையோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். எங்கே அந்தக் கப்பல், காட்டுங்கள் என்றான். திருப்பிக் காட்டினேன். அவன் திரையை மெதுவாகக் கீழே தள்ளினான்.

"மாமா, அடியில படிச்சீங்களா?"

படித்தேன். எறும்பு எழுத்தில் இருந்தது. ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒரு நபருக்கான கட்டணம். வரியும் துறைமுகக் கட்டணமும் தனி.

இந்தத் தப்பை ஒரு லாட்ஜ்காரன்தான் செய்வான். எங்கள் மேசையில் ஒரு விலை சொன்னால் அது அறைக்கு. உள்ளே ஒருவர் படுத்தாலும் இருவர் படுத்தாலும் அதே காசு. இருபத்திரண்டு வருடம் அறைக்கு விலை சொன்ன வாய், மச்சினன் தலைக்கு என்று சொன்ன பிறகும், தலைக்கு விலை போடுகிற ஓர் ஊரும் உண்டு என்று யோசிக்கவே இல்லை. மச்சினன் சத்தம் போட்டுச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு கொய்யாவைத் துடைத்துக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தான்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான்கு நாள் ஓட்டினேன். நடு அடுக்குப் பூண்டை வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிற அன்று லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். வெள்ளனே கிளம்பிய லாரியில் டிரைவர் பக்கத்தில் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். பாதி மலை இறங்கியபின் சொன்னேன். "மொதல்ல பூண்ட விப்போம்டா," என்றாள் அக்கா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சந்தையில் மூட்டையை இறக்கியதும் முதல் வியாபாரி வந்து பிரித்துப் பார்த்தான். நல்ல விலை சொன்னான். நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். அக்கா அவன் விலையைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

"கமிஷன், ஈரக் கழிவு, சாக்கு, பொடிப் பல்லுன்னு தள்ளுறது, எல்லாம் போக எம் முந்தியில எவ்வளவு முடிவேன்? அதச் சொல்லுங்க," என்றாள்.

அவன் மனதுக்குள் கழித்துப் பார்த்துச் சொன்ன தொகை, விலையாகச் சொன்னதற்குப் பக்கத்திலேயே இல்லை. இரண்டாவது ஆளிடமும் அதே கேள்வி. மூன்றாவதாக வந்த வியாபாரி எல்லாரையும்விடக் குறைந்த விலை சொன்னார். ஆனால் அவர் கழிவும் தள்ளமாட்டார், சாக்குக்கும் பிடிக்கமாட்டார். முந்தியில் முடிவது அவரிடம்தான் அதிகமாக இருந்தது. அவருக்கே கொடுத்தாள். இருபத்துநான்காயிரம். அதை முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"எல்லாரும் வெல சொல்வாங்கடா. போட்டிருக்குற வெலயப் பாக்காத. நான் எங்க வீட்டுக் கதவப் பூட்டிட்டுக் கெளம்பி, திரும்பி வந்து அதே கதவத் தெறக்குற வரைக்கும் மொத்தம் எவ்வளவு அவுக்கணும்? கப்பக்காரங்ககிட்ட அத மட்டும் கேளு."

பூட்டுத் திறக்கிற வரைக்கும். நான் ஏன் இதை யோசிக்கவில்லை என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

புரட்டாசியில் கொடைக்கானலில் சாரல்தான் தங்கும், ஆள் தங்காது. மத்தியான நேரங்களில் லாட்ஜின் பழைய ரெஜிஸ்டர் ஒன்றைப் புரட்டிப்போட்டு, பின்பக்கத்தில் ஒவ்வொரு கப்பலாக எழுதினேன். சிங்கப்பூரிலிருந்து புறப்படுகிற ஒன்று பன்னிரண்டாயிரம்தான். ஆனால் சிங்கப்பூர் போக விமானம், பாஸ்போர்ட், விசா என்று அக்கா வீட்டுப் பூட்டுவரை கணக்குப் பார்த்தால் மூன்று மடங்கைத் தாண்டியது. கொச்சியில் ஏறுகிற ஒன்று பதினைந்தாயிரம். அது மும்பையில் இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து மேல்மலைக்கு வருவது நம் பாடு. மச்சினனின் இருபத்தொன்பதில் தொப்பியும் காரும் நமக்கு வேண்டாதவை. கடல் தெரியும் ஜன்னலுக்குத் தனிக் காசு கேட்டார்கள். நானே விற்கிற சரக்கை நானே வாங்குவேனா? வெள்ளிக்கிழமைக் கப்பலைவிடத் திங்கட்கிழமைக் கப்பல் மலிவாக இருந்தது. அது மட்டும் எனக்குத் தெரிந்த பாஷை.

கடைசியில் நான் முதலில் கண்ட அந்தச் சென்னைக் கப்பலே முன்னால் வந்து நின்றது. தலைக்குப் பதினெட்டாயிரம், வரி வகையறா ஐந்தாயிரம், பஸ், ரயில், வழிச் சாப்பாடு மூவாயிரத்து ஐந்நூறு. இருபத்தாறாயிரத்து ஐந்நூறு. முந்தியில் இருப்பதைவிட இரண்டாயிரத்து ஐந்நூறு கூடுதல்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அந்த இரண்டாயிரத்து ஐந்நூறை மட்டும் நான் போடுகிறேன் என்றேன்.

"அடுத்த தடவ மேல வர்றப்ப கேரட் வெத வாங்கிட்டு வா," என்றாள். "நல்ல வெதையாப் பாத்து வாங்கு."

போனை வைத்தபின் அழுகை வந்தது எனக்கு. கோபமும் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கப்பல்காரன்மேல், எறும்பு எழுத்தின்மேல், வாங்கத் தெரியாத அக்காவின்மேல். என் மனைவி டீ போட்டு வைத்தாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் சாரலில் நனைந்தபடி ஒரு குடும்பம் வந்தது. திருப்பூர்க்காரர்கள், நான்கு பேர். ஒரே அறை போதும் என்றார் அந்த மனிதர்.

"ரெண்டு பேருக்குதாங்க ரூம் ரேட். மேல ரெண்டு பேருக்கு எக்ஸ்ட்ரா பெட் போட்டுத் தர்றேன், அதுக்கு ரேட் கம்மிதான்," என்றேன். ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். சொல்லி முடித்ததும் கப்பல் ஞாபகம் வந்தது. சாவியை அவர் கையில் கொடுத்தேன். சொன்னதைவிட இருநூறு குறைத்துக்கொண்டேன். காரணம் கேட்காமல் மேலே போனார், புத்திசாலி.

கப்பல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், ரூம்ல எக்ஸ்ட்ரா பெட் போடுவீங்களா?"

"எக்ஸ்ட்ரா பெட் இல்ல சார். சில கேபின்ல செவுத்துலயே ரெண்டு பெட் மடக்கி வெச்சிருக்கும். நைட்டு எறக்கி விடுவாங்க."

"அதுல படுக்குறவங்களுக்கு என்ன ரேட்டு?"

"மூணாவது, நாலாவது கெஸ்டுக்கு பன்னெண்டாயிரம் சார். டாக்ஸ் எல்லாருக்கும் சேம். நீங்க சைட்ல டூ கெஸ்ட்ஸ்னே போட்டுப் பாத்திருப்பீங்க, அதான் காட்டியிருக்காது."

ரெஜிஸ்டரை இழுத்துப் போட்டேன். நாங்கள் மூன்று பேராகப் போனால், மொத்தத்தைச் சமமாகப் பிரித்து, வழிச் செலவும் சேர்த்துத் தலைக்கு இருபத்துநான்காயிரத்து ஐந்நூறு. ஐந்நூறு இடித்தது. நான்கு பேராகப் போனால் இருபத்துமூன்றாயிரத்து ஐந்நூறு. ஐந்நூறு மிச்சம். இரண்டு தடவை கூட்டினேன். மேசையை ஒரு தட்டுத் தட்டியதில் சமையல்கட்டிலிருந்து ஆள் எட்டிப்பார்த்தார்.

அக்கா, நான், என் மனைவி. நான்காவது ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த பஸ்ஸில் பழனிக்கு இறங்கினேன். ரெஜிஸ்டரை மச்சினனின் மேசையில் விரித்துவைத்தேன்.

"நாப்பது பேரக் கப்பல்ல ஏத்தி விட்டிருக்கேன்னு சொல்லுவியே, நீ ஏறியிருக்கியா மாப்ள?"

அவன் ஏறியதில்லை. புரட்டாசியில் பழனியில் அவனுக்கும் கூட்டம் கிடையாது. முதலில் நெளிந்தான்.

"நாலு பேரும் ஒரே ரூம்லயா மாமா?"

"தைப்பூசத்துக்கு நடந்து வந்து மண்டபத்துல நானூறு பேரோட படுக்குறவங்கதானே நாம."

பிறகு என் கணக்கில் ஓட்டை தேட ஆரம்பித்தான். அவன் கம்ப்யூட்டரில் அதே கப்பலைத் திறந்து, இருவர் என்பதை நால்வர் என்று மாற்றி, அடி எழுத்துவரைக்கும் தள்ளித் தள்ளிப் படித்தான். மறுபடியும் மேலே போய் ஒருதடவை இறங்கினான். நான் அவனுடைய கொய்யாவில் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். அந்தக் கொய்யாவின் ருசியை என்னால் இன்றைக்கும் சொல்லமுடியும்.

"இத எனக்கு ஏன் இத்தன நாளா யாரும் சொல்லல மாமா?" என்றான் கடைசியில்.

அக்காதான் லேசில் நம்பவில்லை. ரெஜிஸ்டரைக் கொண்டுபோய்க் காட்டியபோது விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் கேட்டாள். "எனக்காக நீ கள்ளக் கணக்கு ஏதும் போடலியே? நாலு பேரும் ஒண்ணுபோலத்தானே குடுக்குறோம்?" ஒன்றுபோலத்தான் என்றேன். ஐந்நூறு மிச்சம் என்பதை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தாள். வாங்கி வைத்திருந்த கேரட் விதைப் பொட்டலத்தை நான் பையைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை.

பசுவைப் பார்த்துக்கொள்ளக் கன்னிவாடியிலிருந்து மகள் வந்தாள். பழனியில் ரயிலேறிச் சென்னையில் இறங்கினோம். கப்பலைப் பார்த்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான், "இதுக்கு எத்தன பேரு வேல பாப்பாங்க?" அறை சின்னதுதான். சாயந்தரம் ஒரு பையன் வந்து சுவரிலிருந்து இரண்டு படுக்கைகளை இறக்கிவிட்டான். மச்சினன் மேலே ஏறி, தலையை இடித்துக்கொண்டான். கடலில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. சிலர் பையும் கையுமாக ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் கொண்டை ஊசி வளைவு பஸ்ஸில் நின்றுகொண்டே வளர்ந்தவர்கள். நால்வரும் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டோம்.

மறுநாள் பால் கறக்கிற நேரத்துக்கு அக்காவுக்கு முழிப்பு வந்துவிட்டது. "வெரசா எந்திரிடா," என்று என்னை உலுக்கினாள். இருவரும் மேல்தளத்துக்கு ஏறினோம். அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் பார்த்தாள். பிறகு அந்தத் தளத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினாள், முழங்கால் வலியோடு, நான்கு பக்கமும் நின்று நின்று. வேலி போட்ட நிலத்தில் எங்காவது பிய்ந்திருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்த மாதிரி. சுற்றி முடித்து என்னிடம் வந்தாள்.

"எங்கயும் கரை இல்லடா," என்றாள்.

அவள் முகத்தை அதற்கு முன்னால் நான் அப்படிப் பார்த்ததில்லை. அத்தான் போனபிறகு நிச்சயமாக இல்லை.

பக்கத்தில் காபியோடு நின்ற சென்னைக்காரர் பேச்சுக் கொடுத்தார். பால்கனி அறையாம். நாங்கள் எவ்வளவுக்கு வந்தோம் என்று கேட்டார். அக்கா திருப்பிக் கேட்டாள், "வீட்டுக் கதவப் பூட்டுனதுலேருந்து எல்லாம் சேத்து நீங்க எவ்வளவு அவுத்தீங்க?" அவர் சொல்ல ஆரம்பித்து, ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து சேர்த்துக்கொண்டே போனார். அறுபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, தண்ணீரைப் பார்த்தார். அக்கா அவருக்கு ஆறுதலாக, "பரவால்லங்க, கடல் எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றாள். மச்சினன் எனக்குப் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது பழனியில் அவன் கடைக்கு வருகிறவர்களிடம் வீட்டுப் பூட்டுக் கணக்குத்தான் சொல்கிறான். தொப்பி கொடுப்பதை நிறுத்திவிட்டான்.

ஐப்பசியில் நடவுக்கு நான் மேலே போயிருந்தேன். நடு அடுக்கில் என்ன போடுவது என்று நான் கேட்கவில்லை. அக்கா அங்கே பூண்டுப் பல்லைத்தான் ஊன்றிக்கொண்டிருந்தாள். காலை வெயில் வருவதற்கு முன்னால் ரோட்டு வளைவில் ஒரு கார் வந்து நின்றது. இளம் புருஷனும் பெண்டாட்டியும் இறங்கினார்கள். கீழே மேகம் நிரம்பிக் கிடந்தது.

"கடல் மாதிரியே இருக்குல்ல?" என்றாள் அந்தப் பெண்.

அக்கா மண் ஒட்டிய கையை இடுப்பில் வைத்து நிமிர்ந்தாள். நாற்பது வருடம் அந்த வார்த்தைக்கு அவள் பதில் சொன்னதில்லை.

"இல்லம்மா," என்றாள் மேலே பார்த்து. "இது அதவிட நல்லாருக்கு. ஆனா கடல்ல நடுவுல போய் நிக்கலாம். நான் நின்னுட்டு வந்திருக்கேன்."

அந்தப் பையன் வேலியருகே வந்து, கப்பலிலா, அதற்கெல்லாம் நிறைய ஆகுமே என்று கேட்டான்.

"இந்தா இந்த அடுக்குப் பூண்டுதான்," என்று அக்கா காலடியைக் காட்டினாள். "அதுலயும் ஐந்நூறு மிச்சம்."